செவிலியராகும் வழிகள்

மாணவர்களே! மருத்துவமனையில் மருத்துவர் நோயாளியைக் காணும் நேரம் சிறிது; செவிலியர் உடனிருக்கும் நேரம் பெரிது. உரிய மருந்தை உரிய அளவில், உரிய வேளையில் கொடுப்பவரும், நாடித்துடிப்பின் மாறுதலை முதலில் உணர்பவரும் அவரே. அவர் கவனம் தவறினால் ஓர் உயிர் வருந்தும். ஆதலால் இப்பணியை விரும்புவோர் முறையாகக் கற்று, தேர்வில் வென்று, மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைப் பதிதல் வேண்டும். அவ்வாறு பதிந்தவரே 'பதிவு பெற்ற செவிலியர்' ஆவார்.

இக்கல்வி நாடெங்கும் ஒரே தரத்தில் அமைவதற்காக 1947ஆம் ஆண்டில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பி.எஸ்ஸி. நர்சிங் என்னும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் பயின்றிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஜி.என்.எம். என்னும் மூன்று ஆண்டுப் பட்டயப்படிப்பு. அறிவியல் பயின்றோர்க்கு இதில் முன்னுரிமை உண்டு. எனினும் கலை, வணிகப் பிரிவுகளில் பயின்றோரும் சேரலாம். இவ்விரு படிப்புகளும் ஆடவர், மகளிர் இருபாலர்க்கும் உரியவை. இரண்டுமே பதிவு பெற்ற செவிலியர் என்னும் தகுதியைத் தருவன.

மூன்றாவது, ஏ.என்.எம். என்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு. சிற்றூர்களில் தாய்சேய் நலம் காக்கவும் தடுப்பூசி போடவும் இது பயிற்றுவிக்கிறது. இதனை முடித்தோர் துணைச் செவிலியராகப் பதிவு பெறுவர். பதிவு பெற்ற செவிலியர் ஆக விரும்பினால் மேலும் கற்றல் வேண்டும்.

எனவே, பதினோராம் வகுப்பில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவு உங்கள் வழியை மாற்றக்கூடும். உயிரியலை விட்டவர்க்கு முதல் வழி அடைபடும். ஆயினும் பணியே அடைபட்டுவிடுவதில்லை. ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர், அதன்பின் இரண்டு ஆண்டுகள் பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம். குடும்பத்தின் பொருள்நிலை கருதி விரைவில் பணியில் சேர வேண்டியவர்க்கு இது ஏற்ற வழியாகும். சுற்றுவழியில் செல்பவரும் ஊர் போய்ச் சேர்வர்.

கட்டணம் செலுத்துமுன் ஒன்றை மறவாது விசாரியுங்கள். அந்த நிறுவனம் மாநில நர்சிங் கவுன்சிலின் ஏற்பு பெற்றதா? ஏற்பில்லாத இடத்தில் எத்தனை ஆண்டு பயின்றாலும் பதிவு கிடைக்காது. பணமும் காலமும் வீணாகும்.

பெற்றோரின் பணி காரணமாகப் பிற மாநிலங்களில் வாழும் நாம் மேலும் இரண்டு செய்திகளை அறிதல் நலம். மாநில அரசுக் கல்லூரிகளில் சேர்வதற்குப் பெரும்பாலும் அம்மாநில இருப்பிடச் சான்றிதழ் கேட்பர். ஆகவே எந்த மாநிலத்தில் பயில்வது என்பதைப் பெற்றோருடன் முன்கூட்டியே கலந்து பேசுங்கள். ஒரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் வேறு மாநிலத்தில் பணிபுரியச் சென்றால், அங்குள்ள கவுன்சிலிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து நோயுற்ற முதியவர், 'எங்கே வலிக்கிறது?' என்று தம் தாய்மொழியில் ஒருவர் கேட்டால் அச்சம் நீங்குவார். இரண்டு மூன்று மொழிகளை இளமையிலேயே கற்கும் உங்களுக்கு அவ்வாறு கேட்கும் ஆற்றல் இயல்பாகவே வாய்த்துள்ளது. அதனையும் ஒரு தகுதியாகக் கொண்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

சொற்பொருள்
பட்டயம் – டிப்ளமோ
ஏற்பு – அங்கீகாரம்
ஆடவர் – ஆண்கள்

சிந்தித்து விடை எழுதுக
1. பதிவு பெற்ற செவிலியர் எனப்படுபவர் யார்?
2. வணிகப் பிரிவில் பயின்ற ஒருவர் செவிலியர் பட்டம் பெறும் வழியை விளக்குக.
3. கல்லூரியில் சேருமுன் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.