குளிர்வண்டியின் யந்திரம்

சென்ற கோடையில் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த காய்கறி விற்பனைச் சங்கம் ஒன்றின் முற்றத்தில் குளிர்வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டியின் முகப்பில் பொருத்தப்பட்ட யந்திரத்தில் ஓசையில்லை. அது ஓய்ந்துவிட்டதென்று கருதிய ஊழியர் ஒருவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, பெல்ட்டின் தூசியைத் தோள்துண்டால் துடைக்கலானார். பெட்டிக்குள் வெப்பம் குறித்த அளவைத் தாண்டியதும் யந்திரம் தானாகவே புறப்பட்டது. துண்டு சுற்றிக்கொண்டு போயிற்று, கை தப்பியது.

சொந்த டீசல் எஞ்சின் கொண்ட குளிர்யந்திரங்கள் பல, பெட்டியின் வெப்பத்தை அறிந்து தாமே நின்று தாமே ஓடும் வகையின. ஆகவே மூடியைத் தொடுமுன் விசையை அணைக்க வேண்டும். சாவியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். கொட்டகையில் நிற்கும்போது மின்சாரத்தால் ஓடும் வண்டியாயின் அவ்விணைப்பையும் நீக்குதல் அவசியம். 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஓர் அட்டையை விசைமேல் தொங்கவிடுவதற்குப் பொதுக்குழுவின் தீர்மானம் தேவையில்லை!

கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைந்தால் வெப்பம் வெளியேறாது, டீசல் வீணாகும். அவற்றை மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். பெல்ட்டில் வெடிப்பு உண்டா, உருகிய பனிநீர் வடியும் குழாய் அடைபட்டுள்ளதா என்பவற்றையும் நோக்குக. கதவின் ரப்பரைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், அது தடையின்றி வருமிடத்தில் குளிர் கசிகிறது என்று அறியலாம். பெட்டிக்குள் நுழைபவர், உள்ளிருந்து கதவைத் திறக்கும் பிடி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வாராக.

குளிர்வாயுக் குழாய்களை மட்டும் நாம் அவிழ்த்தலாகாது. இணைப்பில் எண்ணெய்க்கறை தென்பட்டால் அது கசிவின் அறிகுறி. பயிற்சி பெற்ற மெக்கானிக்கை அழைக்க வேண்டும். அவ்வாயு திரவமாகத் தோலில் பட்டால் குளிர்ப்புண் உண்டாகும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் காற்றை விலக்கி மூச்சை அடைக்கும். தீச்சுடரில் பட்டால் நச்சாகச் சிதையும். அருகே பீடி பற்றவைப்பதும் ஆபத்தே. குளிர்வண்டிகளில் பெரிதும் பயன்பட்டுவந்த ஆர்-404ஏ என்னும் வாயு, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவினும் ஏறத்தாழ 3,900 மடங்கு வலியது. எனவே அதை வெளியில் திறந்துவிடுதல் தகாது.

இன்னொன்று. ஏற்றிய சரக்கின் குளிரைக் காப்பதே இவ்யந்திரத்தின் வேலை. நண்பகலில் பறித்த காயின் சூட்டைத் தணிப்பதற்குரிய ஆற்றல் அதற்கில்லை. விடியலில் பறித்து, நிழலில் ஆறவைத்து, பெட்டியையும் முன்கூட்டியே குளிர்வித்து ஏற்றுக. பாலுக்குரிய 4 பாகைக் குளிரில் தக்காளியும் வாழையும் கெடும். அவற்றிற்கு 13 பாகையளவே ஏற்றது.

அச்சங்கத்தின் வண்டிப் பதிவேட்டில் ஒரு மாதம் முழுவதும் 'குளிர் சரி' என்று ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியிருந்ததைக் கண்டோம். எத்தனை பாகை, எந்த மணிக்கு என்று எழுதினாலன்றி அதனால் பயனில்லை என்றோம். காரியதரிசி அன்றே புதிய பத்திகளைக் கோடிட்டார். அவற்றுள் ஒன்று, விசையை அணைத்தவரின் கையொப்பம்.