வீதிப் புகழுரை

ஸ்பெயின் தேசத்துக் கிரனாடா நகரிலே, 1531 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழம்பெரும் பல்கலைக்கழகத்திற் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து சில திங்களுக்கு முன்னர் ஒரு கடிதம் வந்தது. கடிதமென்றது பழக்கத்தால், வந்தது மின்னஞ்சலே. வீதியிற் செல்லும்போது முன்பின் அறியாத ஆடவர் ஏதேதோ புகழ்ந்து கூறுகின்றனர், அதற்குப் 'பிரோப்போ' என்று பெயராம், மறுமொழி சொல்வதா வாளாவிருப்பதா தெரியவில்லை, அப்பாவோ திரும்பி வா என்கிறார் என்பது அதன் சாரம்.

அவள் வினவியது ஒன்று. நான் இறுத்த விடை வேறொன்று. சொல்லொன்றைக் கண்டால் அதன் வேரைத் தோண்டும் பழக்கம் என்னை விடுவதில்லை. 'நெருப்பு முகத்தது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக வந்து செம்மணி ஒன்றுக்குப் பெயராகி, பின்னர் மகளிரைப் புகழும் உரைக்கு ஆயிற்று என இரண்டு பக்கம் வரைந்தேன். நம் அகப்பொருளில் வரும் நலம் பாராட்டலையும் உடன்வைத்துக் காட்டி மகிழ்ந்தேன்.

மறுநாளே விடை வந்தது: "ஐயா, தலைவியின் கண்ணிலே குறிப்பறிந்த பின்னர்தான் தலைவன் வாய்திறப்பான் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள். இங்கே ஒருவரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை. இருட்டில் என் பின்னால் வருகிறார்கள்."

நாணினேன். அதன் பின்னரே செய்திகளை முறையாகத் தேடலானேன்.

இது அந்நாட்டு மரபு, வந்தவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பாருளர். ஆனால் அந்நாட்டாரே அதனை எக்காலமும் பொறுத்தாரல்லர். பிரிமோ தே ரிவேரா ஆட்சியில் எழுந்த 1928 ஆம் ஆண்டுக் குற்றவியற் சட்டம், பாராட்டும் எண்ணத்தோடாயினும் ஒரு பெண்ணை இழிந்த சொல்லாலோ சைகையாலோ அணுகுவோனுக்குச் சிறையும் தண்டமும் விதித்தது. 1931 இல் குடியரசு வந்ததும் அச்சட்டம் ஒழிந்தது. பின்பு பெரு 2015 இலும், சிலியும் ஆர்ஜென்டீனாவும் 2019 இலும் வீதித் தொல்லைக்கு எதிராகச் சட்டம் செய்தன. ஸ்பெயின் 2022 இல், ஒருவரை இழிவுபடுத்துவதோ அச்சுறுத்துவதோ ஆகிய பாலியற் பேச்சைக் குற்றமாக்கிற்று. எனினும் பாதிக்கப்பட்டவர் முறையிட்டாலன்றி வழக்கெழாது. இரவிலே தனித்து நடக்கும் பிள்ளைக்குச் சட்டம் மறுநாட் காலையிலேதான் துணைவரும்.

அவளுக்கு வேண்டியது அந்த நிமிடத்துக்கான ஒரு சொல். இங்கே இலக்கணம் உதவிற்று என்பதைச் சற்றுப் பெருமையோடு கூறுகிறேன். ஸ்பானிய மொழியிலே 'தூ' என்பது நீ. 'உஸ்தேத்' என்பது நீங்கள். இப்பிற்சொல் 'உமது தயவு' என்னும் பொருள்தரும் பழைய தொடரின் சிதைவு. ஆதலால் முன்னிற்பவரோடு பேசும்போதும் அதற்குப் படர்க்கை வினையே வரும். நாம் உயர்சொற்கிளவியால் ஒருவரைப் பன்மையாக்கி உயர்த்துகிறோம். அவர்களோ படர்க்கையாக்கித் தள்ளி நிறுத்துகிறார்கள். 'என்னை விடு' என்பதற்கு 'தேஹமே'. 'என்னை விடுங்கள்' என்பதற்கு 'தேஹெமே'. வேறுபாடு ஓர் உயிரெழுத்தே. இளையோர் ஒருவரையொருவர் 'தூ' என்றே அழைக்கும் அந்நாட்டில், இளம்பெண் ஒருத்தி இரண்டாவதைச் சொன்னால், அதிலுள்ள மரியாதையே இடையில் மதிலாக நிற்கும். ஏசினாற் பேச்சு வளரும், சிரித்தாலும் வளரும். ஆயினும் பொகோத்தா நகரிலே கணவன் மனைவியர்கூட 'உஸ்தேத்' என்று பேசுவதுண்டாதலால், இவ்வுபாயம் எங்கும் செல்லாது.

தொலைவிலிருந்து வீசப்படும் சொல்லுக்கு மறுமொழியே வேண்டியதில்லை. நடை தளராமற் சென்றுவிடலாம். பின்தொடர்வானாயின் வீட்டை நோக்கிப் போகலாகாது, ஆளுள்ள கடைக்குட் புகவேண்டும். இரவு நெடுநேரம்வரை முதியோரும் குழந்தைகளும் சதுக்கங்களில் உலாவும் நாடாதலால், முதிய தம்பதியர் எவர் பக்கத்திலேனும் போய் நிற்கலாம். இடர் முற்றினால் 112 என்னும் இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பேராலயத்தின் அருகே மற்றொரு வகைத் தொல்லையும் உண்டு. ரோஸ்மேரித் தழையைக் கையிலே திணித்து, ரேகை பார்த்து, காசு கேட்கும் பெண்கள். கையை நீட்டாதிருந்தாற் போதும். இது அவளுக்கு வேடிக்கையாகவே இருந்ததாம்.

தகப்பனார் ஒருநாள் என் வீட்டு விறாந்தையில் வந்திருந்தார். "பண்டிதர் ஐயா, கூப்பிடட்டோ, விடட்டோ?" என்றார். "அவள் கேட்டது வழி, பயணச்சீட்டு அல்ல" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை.

சென்ற கிழமை எழுதியிருந்தாள். 'தேஹெமே' என்றதும் ஒருவன் விலகிப் போனானாம். வேறொருவன் போகவில்லை. பச்சைச் சிலுவை விளக்கெரியும் மருந்துக்கடை ஒன்றுக்குள் நுழைந்தாளாம். கடைக்காரப் பெண்மணி கதவைப் பூட்டிவிட்டு அவளை விடுதி வாசல்வரை கொண்டுபோய் விட்டாராம். அதனைத் தகப்பனாருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த மனுசிக்கு என்ன வயதிருக்கும், ஐயா?" என்று கேட்டார்.