மெலிவும் மிகை எடையும்: மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெற்றோர் அறிய வேண்டியவை

1983ஆம் ஆண்டு முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டிற்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இன்றும் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றன. அங்கு வளரும் குழந்தையின் வயிறு நிறைந்திருப்பதை மட்டும் கொண்டு, அதற்குப் போதிய ஊட்டம் கிடைக்கிறது எனக் கூற இயலாது.

ஏன் இரண்டும் ஏற்படுகின்றன?

வருவாய் குறையும்போது பருப்பு, முட்டை, கீரை, பழம் ஆகியவை உணவில் குறைகின்றன. சோறும் இனிப்புத் தேநீரும் பொட்டலத் தின்பண்டங்களும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. இதனால் ஒரு குழந்தை மெலியலாம். மற்றொரு குழந்தை வயதுக்கேற்ற உயரமின்றி எடை மட்டும் கூடலாம். எனவே, பருத்த குழந்தை நலமாக உள்ளது என எண்ணிவிட வேண்டாம்.

எவ்வாறு கண்டறிவது?

அங்கன்வாடி மையத்தில் எடையுடன் உயரத்தையும் தவறாமல் அளக்கச் செய்யுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேல்கை நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். பின்னர் இணை உணவுடன் 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தொடருங்கள்.
• அங்கன்வாடியில் பெறும் சத்துமாவை அக்குழந்தைக்கே கொடுங்கள்.
• குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.
• எடை மிகுந்த குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். தின்பண்டத்திற்கு மாற்றாகச் சுண்டலோ பழமோ கொடுத்து, ஓடி விளையாடச் செய்யுங்கள்.