தத்திப் போன குண்டு! அணைகளை உடைத்த விமானப் படை

1943-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி. நல்ல நிலவு. இரவு மணி ஒன்பதரை.

இங்கிலாந்தில் ஸ்காம்ப்டன் என்ற இடத்தில் உள்ள விமான தளத்தில் இருந்து ராட்சத விமானங்கள் கிளம்பின. மொத்தம் 19 விமானங்கள். ஒவ்வொன்றிலும் 7 பேர். ஆக 133 பேர்.

பல வாரங்களாக அவர்கள் இரவும் பகலும் பயிற்சி பெற்று வந்தார்கள். ஆனால் எங்கே போகப் போகிறோம் என்பது பெரும்பாலோருக்கு அன்றுதான் சொல்லப்பட்டது!

அவர்கள் பிரிட்டிஷ் விமானப் படையின் 617-வது பிரிவைச் சேர்ந்தவர்கள். இந்த ஒரு வேலைக்காகவே இரண்டு மாதங்களுக்கு முன்பு அமைக்கப்பட்ட பிரிவு அது. தலைவர் பெயர் கை கிப்சன். வயது 24தான்.

ஓட்டாஞ்சில்லு தந்திரம்

ஜெர்மனியில் ரூர் என்ற தொழிற்பிரதேசம் உண்டு. ஹிட்லரின் பீரங்கிகளுக்கும் டாங்கிகளுக்கும் உருக்கு கொடுத்தது அந்தப் பிரதேசம். அங்குள்ள ஆலைகளுக்குத் தண்ணீர் முக்கியம். அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்தவை மோனே, சோர்ப் முதலிய அணைகள். கொஞ்சம் தள்ளி எடர் என்ற பெரிய அணையும் இருந்தது.

அணையை உடைப்பது எப்படி? மோனே அணையின் சுவர் அடியில் 100 அடிக்கு மேல் கனம். மேலே இருந்து குண்டு போட்டால் அசையாது. தண்ணீருக்குள் டார்ப்பிடோ விட்டுத் தகர்க்கலாம் என்றால், அதைத் தடுக்க இரும்பு வலை கட்டியிருந்தார்கள்.

பார்ன்ஸ் வாலிஸ் என்ற என்ஜினீயர் இதற்கு வழி கண்டுபிடித்தார். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் அது தவளைபோலத் தத்தித் தத்திப் போகும் அல்லவா? அதே வித்தைதான்! தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, கோலிக்குண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அவை துள்ளிப் போயின.

அதிகாரிகள் முதலில் நம்பவில்லை. வாலிஸ் விடவில்லை. பீப்பாய் வடிவத்தில் 4 டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டு தயாராயிற்று. விமானத்தின் அடியில் அது நிமிஷத்துக்கு 500 தடவை பின்பக்கமாகச் சுழலும். விழுந்ததும் வலையைத் தாண்டித் தத்திச் சென்று சுவரில் மோதும். சுழற்சியின் காரணமாகச் சுவரை ஒட்டியபடியே கீழே இறங்கி, 30 அடி ஆழத்தில் வெடிக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீருக்கு மேல் சரியாக 60 அடி உயரத்தில் பறந்து குண்டைப் போட வேண்டும். 60 அடி என்பது ஒரு தென்னைமரத்தின் உயரம்! அதுவும் நடு இரவில். மணிக்கு 230 மைல் வேகத்தில்.

இதற்கும் சுலபமான உபாயம் கிடைத்தது. விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டின் ஒளி வட்டமும் தண்ணீரில் ஒட்டி நின்றால் உயரம் 60 அடி. விலகி இருந்தால் இறங்கவோ ஏறவோ வேண்டும். அந்த வெளிச்சம் எதிரிக்கும் தெரியுமே என்று கேட்கலாம். தெரியத்தான் செய்தது.

அணை உடைந்தது

மோனே அணையில் முதல் குண்டைக் கிப்சன் போட்டார். சுவர் அசையவில்லை. இரண்டாவதாக வந்த விமானத்தைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. அது தீப்பற்றிக் கீழே விழுந்து நொறுங்கியது.

மூன்றாவது விமானம் இறங்கியபோது கிப்சன் ஒரு காரியம் செய்தார். அவரிடம் இனிக் குண்டு கிடையாது. ஆனாலும் அந்த விமானத்தோடு சேர்ந்து பறந்தார். பீரங்கிகள் தம் பக்கம் திரும்பட்டும் என்பதுதான் அவர் எண்ணம்!

மூன்றாவது குண்டும் தவறியது. பிறகு நான்கு. பிறகு ஐந்து. சுவர் பிளந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் மோனே அணை உடைந்தது.

எடர் அணையில் பீரங்கி இல்லை. ஆனால் சுற்றிலும் செங்குத்தான மலைகள். அங்கே கையில் இருந்த கடைசிக் குண்டு அணையை உடைத்தது. மண்ணால் கட்டப்பட்ட சோர்ப் அணை சேதம் அடைந்தது, உடையவில்லை.

தண்ணீர் ஆளைப் பார்க்காது

வெள்ளம் பள்ளத்தாக்கில் சீறிப் பாய்ந்தது. பாலங்கள் போயின. ரயில் பாதை போயிற்று. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே போனார்கள்.

இறந்தவர்கள் 1,300 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேல் ஜெர்மானியர்களே அல்ல! மோனே அணைக்குக் கீழே நெய்ஹைம் என்ற ஊர். அங்கே ஒரு முகாம். ரஷியப் படையெடுப்பின்போது பிடித்து வந்து கட்டாய வேலை வாங்கப்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். ஹிட்லருக்கு எதிரான அணைத் தாக்குதலில் ஹிட்லரின் அடிமைகளான அந்தப் பெண்கள் நூற்றுக்கணக்கில் மூழ்கினார்கள்.

19 விமானங்களில் 11தான் திரும்பின. 53 பேர் மாண்டார்கள். 3 பேர் பிடிபட்டார்கள். வாலிஸ் மனம் உடைந்து போனார்.

பலன் என்ன? மோனே அணையை அந்த ஆண்டே ஜெர்மானியர்கள் மறுபடி கட்டி விட்டார்கள். ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கான ஆட்களை வேறு வேலைகளில் இருந்து இழுக்க வேண்டி வந்தது. இங்கிலாந்து மக்களுக்கு ஏற்பட்ட உற்சாகமும் கொஞ்சநஞ்சம் அல்ல. எண்ணிக் கணக்குப் பார்த்தால், செலவான உயிர்களுக்கு ஈடான லாபம் என்று சொல்வது கஷ்டம்.

மூன்று முறை எச்சரிக்கை

617-வது பிரிவின் கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு கால்வாயைத் தாக்கப் போன 8 விமானங்களில் 5 திரும்பவே இல்லை.

பிறகு லெனார்டு செஷயர் தலைவர் ஆனார். 1944 பிப்ரவரியில் பிரான்சில் லிமோஜ் நகரத்தில் ஒரு விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்க வேண்டும். நாஜிகள் பிடியில் இருந்த தொழிற்சாலை. வேலை செய்தவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். செஷயர் கூரையை உரசுவதுபோல மூன்று தடவை தாழப் பறந்தார். வெளியே ஓடுங்கள் என்று எச்சரிப்பதற்காக! நாலாவது தடவைதான் அடையாளக் குண்டு போட்டார். எதிரி சுதாரித்துக் கொள்ள அவகாசம் கொடுப்பது எத்தனை ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததல்ல.

1944 நவம்பர் 12-ந் தேதி, 9-வது பிரிவோடு சேர்ந்து, நார்வே கரையில் நின்ற டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க் கப்பலை 617-வது பிரிவு கவிழ்த்தது. சுமார் ஆயிரம் மாலுமிகள் மாண்டார்கள். 1945 மார்ச்சில் 10 டன் குண்டைப் போட்டு ஒரு ரயில் பாலத்தை விழுத்தாட்டியது. இந்தக் குண்டுகளும் வாலிஸ் உருவாக்கியவைதான்.

போர் முடிவதைக் கிப்சன் பார்க்கவில்லை. 1944 செப்டம்பரில் ஹாலந்தில் விமானம் விழுந்து இறந்தார். அப்போது வயது 26.

நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை விமானத்தில் இருந்து நேரில் பார்த்தவர் செஷயர். 1948-ல் நோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அத்தகைய இல்லங்கள் இந்தியாவிலும் ஏற்பட்டன.

வாலிசுக்கு 1951-ல் சர்க்கார் 10,000 பவுன் பரிசு அளித்தது. அதை அவர் தமக்கு வைத்துக் கொள்ளவில்லை. தாம் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து விட்டார். போரில் இறந்த விமானப் படை வீரர்களின் பிள்ளைகள் அங்கே படிப்பதற்காக.