சுழியோடியின் நெஞ்சுக்குள்

நெடுந்தீவையும் நயினாதீவையும் ஊர்காவற்றுறையையும் சூழ்ந்த கடல் பெரிய ஆழமில்லை. நாலைந்து பாகத்திலேயே மணல் தட்டுப்படும் இடங்கள் ஏராளம். யாழ்ப்பாணக் கடலில் எடுத்த சங்கு ஒருகாலத்தில் கப்பலேறி வங்காளத்துக்குப் போய், அறுபட்டு, மணப்பெண்களின் கையில் வளையலானது. 1914-இல் சங்குக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார் ஜேம்ஸ் ஹோர்னெல். ஆனால் மூச்சடக்கி இறங்கும் சுழியோடியின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அளந்து பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

வள்ளத்தின் விளிம்பில் சுழியோடி சும்மா இருக்கும்போதே இதயம் ஓயாது உழைக்கிறது. கைமுட்டி அளவு, ஏறத்தாழ 300 கிராம் தசை. உண்மையில் அது ஒன்றல்ல, ஒட்டிப்பிறந்த இரண்டு பம்பிகள். வலப்பக்கம், உடலெங்கும் சுற்றிக் களைத்த குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது; அங்கே ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு வருவதை இடப்பக்கம் வாங்கிப் பெருநாடிக்குள் தள்ளுகிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லீற்றர். வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பதே அவ்வளவு குருதிதான்!

இனி அவர் குதிக்கிறார். மூச்சில்லை, கை கால் வேலை செய்கிறது. இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. முகத்தில் தண்ணீர் பட்டதும், மூச்சும் நின்றிருந்தால், முகத்து நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி சொல்கிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியே வரும் கட்டளை, வலது சோணையறையில் துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவை அடக்குகிறது. துடிப்பு இறங்குகிறது, பழகியவர்களில் பாதியாகக்கூட. நல்ல உடம்புக்காரர் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு பேசினில் குளிர்ந்த நீர் நிரப்பி, மூச்சைப் பிடித்து முகத்தை அமிழ்த்தினால், மணிக்கட்டைப் பிடித்திருப்பவருக்கு வித்தியாசம் விரலிலேயே தெரியும். இதய நோயாளிகளுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

அதே வேளையில் கைகால்களுக்குப் போகும் சிறு நாடிகள் சுருங்கிவிடுகின்றன. இருக்கிற ஒட்சிசன் முதலில் மூளைக்கும் இதயத்துக்கும்தான். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டொரெஸ் நீரிணையில் முத்துக்குளிப்பவர்களைப் பெர் ஷொலாண்டரின் குழு ஆராய்ந்து முடிவுகளை 1962-இல் வெளியிட்டது. அவர்கள் மேலே வந்த பின்புதான் குருதியில் லக்டிக் அமிலம் சடுதியாக ஏறியது. நீருக்குள் குருதியோட்டம் குறைந்துபோன தசைகள் ஒட்சிசன் இல்லாமலே வேலை செய்திருந்தன. அதன் கழிவு, வழி திறந்த பிறகே வெளியே வந்தது.

மண்ணீரலும் தன் பங்குக்குச் சுருங்கி, சேமித்த செங்குருதிக் கலங்களைச் சுற்றோட்டத்தில் விடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி வாழும் இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் அயலவரைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சிலிண்டர் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. இன்று வடகடலில் கடலட்டைக்கு இறங்குவோரில் பலர் முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டே போகிறார்கள். பத்து மீற்றருக்கு ஒருமுறை அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. அதற்கேற்ப நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலேறினால், சோடாப் போத்தலைத் திறந்தது போல அது குமிழியாகிறது. நாளங்களில் வரும் சிறு குமிழிகளை நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்கள் பெரும்பாலும் வடித்துவிடும். அளவு மிஞ்சினால் மூட்டு வலி, விறைப்பு. முண்ணாண் பாதிக்கப்பட்டால் கால் இரண்டும் விளங்காமற் போகலாம். வலி குறையட்டும் என்று திரும்பக் கடலில் இறங்குவது மிக ஆபத்தான கைவைத்தியம்.

அப்படிப்பட்டவரைப் படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுந்தீவுக்காரருக்குத் தாமதமின்றி என்பதே கடினம்: குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம். குமிழியை மீண்டும் கரைக்கும் அழுத்த அறை வேண்டுமென்றால், திருகோணமலைக் கடற்படைத் தளம்வரை போக வேண்டியிருக்கும்.