பாட்டி முகமும் அகல் வெளிச்சமும்... எந்த லென்ஸ் வாங்கலாம்?

கார்த்திகை தீபத்தன்று மாடி முழுக்க அகல் விளக்குகள். விளக்கேற்றும் பாட்டியைப் படமெடுத்தால் ஒன்று கலங்கிப்போகிறது. இல்லையென்றால் ஃப்ளாஷ் அடித்து, விளக்கின் அழகே காணாமல் போகிறது. 'இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோமே' என்று பல வீடுகளில் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். பாவம் கேமரா! குற்றவாளி பெரும்பாலும் அதனுடன் வந்த லென்ஸ்தான்.

பெட்டியிலேயே வைத்துத் தரும் 18-55 ஜூம் லென்ஸ் பகலில் நன்றாக உழைக்கும். ஆனால் முகத்துக்காக 55 வரை ஜூம் செய்தால், அதன் துவாரம் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும். இந்தத் தலைகீழ் கணக்கில்தான் புதிதாக வாங்குபவர்கள் குழம்புகிறார்கள். எஃப் 1.8 லென்ஸ், 5.6-ஐவிட 9 மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர், 1/125 நொடியிலேயே வேலையை முடித்துவிடும்.

"இதுலயே நடுக்கம் தடுக்கற வசதி இருக்கு சார்" என்று கடையில் சொல்வார்கள். அது படமெடுப்பவரின் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். மத்தாப்பு பிடித்து ஓடும் பேரனை அது நிறுத்தாது.

இருட்டு என்றால் எவ்வளவு இருட்டு? ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். அதற்குப் பயன்பட்டது, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய 50 எம்.எம். எஃப் 0.7 லென்ஸ். நம் வீட்டு விசேஷத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

50 எம்.எம். எஃப் 1.8 போதும். கேனான், நிகான், சோனி மூன்றிலும் உண்டு. பெரிய துவார லென்ஸ்களில் விலை குறைவானதும் இதுதான். சிறிய சென்சார் கேமராவில் இது 75, 80 எம்.எம். போல நடந்துகொள்ளும். அதனால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றே முகத்தை எடுக்கலாம். மிக நெருங்கி எடுத்தால்தான் மூக்கு பெரிதாகி, காது பின்னே ஒதுங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 85 எம்.எம். நல்லது.

வீடு சின்னதா? அப்போது 50-ஐ மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். சிறிய சென்சாருக்கு 35 எம்.எம். எஃப் 1.8 பார்க்கலாம். 1.4 லென்ஸுக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்க வேண்டாம். 1.8-ஐவிட அது ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் வெளிச்சம் தரும். விலை அதைவிட வேகமாக ஏறும்.

நிகான் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை. அந்த கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை மலிவு என்று பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸை வாங்கினால், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள்.

எஃப் 1.8-ல் கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழலாம். ஃபோகஸ் புள்ளியைக் கிட்டே இருக்கும் கண்ணில் வையுங்கள். குடும்பமே இரண்டு வரிசையாக நின்றால் துவாரத்தை எஃப் 4-க்குக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்வரிசைச் சித்தப்பா கோபித்துக்கொள்வார்!

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். புது லென்ஸையும் மழைக்காலத்தில் பீரோவில் துணியோடு வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.