மடியில் ஓர் அலுவலகம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மாணவர் கையில் நோட்டுப் புத்தகம் மட்டுமே இருந்த காலம் போய், இன்று அதனோடு மடிக்கணினியும் இருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆய்வக அளவீடுகளை வரைபடமாக்கவும், நிரல் எழுதிப் பழகவும், கருத்தரங்கக் கட்டுரை தயாரிக்கவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் எதை வாங்குவது? விளம்பரம் நிறைகளை மட்டுமே சொல்லும். நிறையையும் குறையையும் ஒரே தராசில் இட்டுப் பார்ப்பது அறிவியல் மாணவரின் கடமை அல்லவா? அம்முறையில், அலுவலகப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட வலிமை மிக்க மடிக்கணினி ஒன்றை இங்கே எடைபோட முற்படுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது 2018-இல் வெளிவந்த திங்க்பேட் டி480. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புதிய அலுவலகக் கணினியின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தி ஒதுக்கியவையோ, புதுப்பிக்கப்பட்டுக் குறைந்த விலையில் சந்தைக்கு வருகின்றன. பட்டப் படிப்பையே முதன்முதலாகக் காணும் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில், கணினிக்கென்று ஒருமுறைதான் பணம் திரட்ட முடியும். ஆகவே தேர்வு பிழையாகக் கூடாது.

பெயரும் பிறப்பும்

ஐ.பி.எம். நிறுவனத்தில் 'சிந்தி' என்பது பழைய தாரக மந்திரம். அச்சொல் பொறித்த சிறு குறிப்பேடுகள் ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன. அதிலிருந்தே 'திங்க்பேட்' என்ற பெயர் பிறந்தது. 1992 அக்டோபரில் 700சி என்ற மாதிரி வெளிவந்தது. 10.4 அங்குல வண்ணத்திரை கொண்ட அதன் விலை 4,350 டாலர்! கறுப்புப் பெட்டி போன்ற அதன் உருவை வகுத்தவர் ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர். மூடினால் எளிய பெட்டி, திறந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியே அவருக்கு முன்மாதிரி.

1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற எண்டெவர் விண்ணோடத்தில் இவ்வகைக் கணினி ஒன்றும் பயணம் செய்தது. 2005-இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினித் தொழிலைச் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதன்பின் இப்பெயரில் வருபவை லெனோவோவின் தயாரிப்புகளே.

நிறைகள்

முதலாவது, உறுதி. அலுவலக ஊழியர் இதை நாள்தோறும் பையில் திணிப்பார், மேசை மீது 'டொம்' என்று வைப்பார், தேநீரையும் சிந்துவார். இவற்றையெல்லாம் எதிர்பார்த்தே இது செய்யப்படுகிறது. விசைப்பலகையின் மேல் சிந்தும் நீர் உட்பகுதிகளை எட்டாமல் அடிவழியே வடிந்துபோகத் துளைகள் உண்டு.

இரண்டாவது, திறந்து பார்க்கும் வசதி. டி480-இன் அடிமூடியைச் சில திருகாணிகளைத் தளர்த்திக் கழற்றலாம். நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்கள் உள்ளன. 8 ஜிபியுடன் வாங்கியவர், பணம் சேர்ந்தபின் இன்னொரு 8 ஜிபியைச் செருகிக்கொள்ளலாம். சேமிப்பகத்தையும் மாற்றலாம். மெலிந்த மாதிரிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசி வரை. அடுத்து 2019-இல் வந்த டி490-இலேயே ஒரு பகுதி நினைவகம் பற்றவைக்கப்பட்டு, ஒரே ஒரு செருகுவாய்தான் மிஞ்சியது. மெலிவுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

மூன்றாவது, இணைப்பு வாய்கள். யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ., வலைப்பின்னல் கம்பி ஆகிய அனைத்துக்கும் இடம் உண்டு. கருத்தரங்க அறையில் படவீழ்த்தியோடு இணைக்க இடைச்செருகி தேடி ஓட வேண்டியதில்லை.

வெப்பத்தின் கணக்கு

'வலிமை', 'எடுத்துச் செல்லும் எளிமை' இவ்விரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. ஏன் என்பதற்கு நம் இயற்பியலே விடை சொல்லும்.

செயலியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும் ஒவ்வொரு முறையும் சிறிது மின்னாற்றல் வெப்பமாகிறது. இவ்வாறு செலவாகும் திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் வேண்டி அதிர்வெண்ணை உயர்த்தினால், மின்னழுத்தத்தையும் உயர்த்த நேர்கிறது. வேகம் 25 விழுக்காடும் மின்னழுத்தம் 10 விழுக்காடும் கூடுவதாகக் கொள்வோம். 1.25-ஐ 1.1-இன் வர்க்கமாகிய 1.21-ஆல் பெருக்கினால் 1.51 வரும். கால் பங்கு வேகத்துக்காக ஒன்றரை மடங்கு வெப்பம்!

மேசைக் கணினியில் பெரிய விசிறி இவ்வெப்பத்தை வெளியேற்றிவிடும். மடிக்கணினியில் அதற்கு இடம் ஏது? டி480-இல் உள்ள ஐ5-8250யு என்ற செயலிக்கு நான்கு உள்ளகங்கள் உண்டு. அதன் அடிப்படை அதிர்வெண் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் வகுக்கப்பட்ட வெப்ப வரம்பு 15 வாட் மட்டுமே. ஆகவே குறுகிய வேலையில் உச்சத்துக்குத் தாவும். நெடுநேரம் கணக்கிடச் சொன்னால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூறு மீட்டர் ஓட்டக்காரரை மராத்தான் ஓடச் சொன்னது போலத்தான். விளம்பரத்தில் உச்ச எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

மின்கலத்தின் கணக்கு

டி480-இல் இரண்டு பேட்டரிகள். உள்ளே 24 வாட்-மணி. பின்புறம் கழற்றக்கூடியது ஒன்று. அது 24, 48, 72 வாட்-மணி அளவுகளில் வந்தது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி மின்கலத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். உள் மின்கலம் தாங்கிக்கொள்ளும்.

எத்தனை மணி நேரம் ஓடும்? வாட்-மணியை வாட்டால் வகுத்தால் போதும். இரு சிறிய மின்கலங்களும் சேர்ந்து 48 வாட்-மணி. படிப்பதும் எழுதுவதுமாகச் சராசரி 8 வாட் செலவானால் 6 மணி நேரம். கடும் கணக்கில் 32 வாட் செலவானால் ஒன்றரை மணி நேரந்தான். 72 வாட்-மணி மின்கலம் மாட்டினால் மொத்தம் 96; 8 வாட் செலவில் 12 மணி நேரம். ஆனால் எடை கூடும். 1.58 கிலோவில் தொடங்கும் இக்கணினி, பேருந்தில் நின்றுகொண்டே வருபவரின் தோளில் அதையும் சேர்த்து அழுத்தும்.

மின்கலம் முதுமையடைவதையும் மறக்கலாகாது. பழைய மின்கலத்தின் கொள்ளளவு 60 விழுக்காடாகக் குறைந்திருந்தால் 48 என்பது ஏறத்தாழ 29 ஆகும். 6 மணி நேரம் மூன்றரை மணியாகச் சுருங்கும். வெப்பமும், எப்போதும் முழு மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதும் முதுமையை விரைவுபடுத்தும்.

குறைகள்

திரையே இதன் பெருங்குறை. மலிவான வகையில் 1366×768 புள்ளிகள்தாம். 1920×1080 வகையில் ஏறத்தாழ இரு மடங்கு. அதிலும் ஒளிர்வு 250 நிட் அளவே; வெயில் விழும் வராந்தாவில் எழுத்துகள் மங்கும். அடுத்து, வரைகலைத் திறன் குறைவு. காணொளி தொகுப்போர், முப்பரிமாணப் படம் அமைப்போர் ஆகியோருக்கு இது ஏற்றதன்று.

பழையதை வாங்குவோருக்குத் தனிக் கவலைகளும் உண்டு. முந்தைய நிறுவனம் இட்ட பயாஸ் கடவுச்சொல் நீக்கப்படாமல் இருந்தால், அமைப்புகள் நம் கட்டுப்பாட்டில் இரா. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலே அதிகாரபூர்வமாக ஏற்கும். டி480-இன் எட்டாம் தலைமுறைச் செயலிகள் அந்த வாசற்படியை மயிரிழையில் தாண்டுகின்றன. தோற்றத்தில் இதையே ஒத்த டி470 தாண்டவில்லை. ஓர் எண் வேறுபாட்டில் இத்தனை பொருள் அடங்கியிருக்கிறது! எனினும் இரண்டிலும் லினக்ஸை விலையின்றி நிறுவிக்கொள்ளலாம்.

முடிவாக

ஆகவே வாங்கப் போகும் நண்பர்கள் கடையிலேயே நான்கைப் பார்த்துவிட வேண்டும். பயாஸ் அமைப்பு கடவுச்சொல் இன்றித் திறக்கிறதா? செயலி எத்தனையாம் தலைமுறை? திரை எத்தனை புள்ளி? மின்கலத்தின் இன்றைய கொள்ளளவு என்ன? கடைசிக் கேள்விக்கு விடையை விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையிலேயே காணலாம். புது மின்கலத்தின் விலையையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணமின்றி நிற்கலாகாது.

என் தீர்ப்பு இதுதான். ஆய்வகக் குறிப்பேடு, நிரல், அட்டவணைக் கணக்கு, கட்டுரை இவற்றோடு நிற்கும் மாணவருக்கு இத்தகைய கணினி நல்ல துணை. நெடுநேரக் கணக்கீடும் வரைகலையும் வேண்டுவோர், இடம் பெயராத மேசைக் கணினியை நாடுவதே நலம். ஏற்கெனவே வேகம் குறைந்த மடிக்கணினி வைத்திருப்போர், அதில் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்க்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். புதிய செலவே தேவைப்படாமல் போகலாம். கருவி எத்தனை வலியது என்பதைவிட, நம் வேலைக்கு எத்தனை வலிமை போதும் என்று அறிவதே சிக்கனம்.